"விஷம் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் சந்தேகம் தீர்ந்துவிடுமா?

சந்தேக மரணங்களில் உடலிலிருந்து எடுக்கும் ரத்தம் எங்கே போகிறது, அதில் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போன மாதம் நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களைப் படித்தால் நாலு வரி எவ்வளவு போதாது என்று புரிகிறது. பாதிக் கடிதங்கள் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் எழுதியவை. இந்த மாதம் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். அரசு மருத்துவக் கல்லூரிகளில் சட்டம் சார்ந்த மருத்துவத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மார்ச்சுவரி வாசலில் இதே கேள்விகளை நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த உடல் காத்திருக்கும் அவசரத்தில் முழுசாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

*

கேள்வி: என் தம்பிக்கு வயது 34, லோடு வண்டி டிரைவர். போன மே மாதம் வாடகை ரூமில் இறந்து கிடந்தான். இரண்டு நாள் கழித்து வாடை வந்த பிறகுதான் கதவை உடைத்திருக்கிறார்கள். போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர், ரசாயன ஆய்வு ரிப்போர்ட் வந்தால்தான் காரணம் சொல்ல முடியும் என்றார். ஐந்து மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் "உள்ளுறுப்புகளில் விஷம் இல்லை, ரத்தத்தில் 100 மில்லிக்கு 46 மில்லிகிராம் எத்தில் ஆல்கஹால்" என்று இருக்கிறது. அவன் மாலை போட்ட வருஷத்திலிருந்து குடியைத் தொட்டதே இல்லை. சொந்தக்காரர்கள் "குடிச்சே செத்துட்டான்" என்று பேசுகிறார்கள். இன்சூரன்ஸ் ஆபீஸிலும் அந்தத் தாளையே காட்டுகிறார்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. ரத்தம் பொய் சொல்லுமா சார்?
— ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: சகோதரி, முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். 46 என்ற அந்த எண்ணை மட்டும் வைத்து உங்கள் தம்பி குடித்திருந்தார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. குடித்ததால்தான் செத்தார் என்று சொல்வதற்கு அந்த எண்ணில் இடமே இல்லை. மது மட்டுமே ஒருவரின் மூச்சை நிறுத்த வேண்டும் என்றால் அதைப் போலப் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. அதை 46 தாண்டுகிறது, ஆனால் சாவுக்குக் காரணம் என்று சொல்லும் அளவுக்குப் பக்கத்தில்கூட அது வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆள் இறந்ததும் உடம்பில் எல்லாமே நின்றுவிடுவதில்லை. நம் குடலில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும், தடுக்க ஆள் இல்லாததால், ரத்தக் குழாய் வழியாக உடம்பு முழுக்கப் பரவுகின்றன. ரத்தத்திலும் திசுக்களிலும் மிச்சம் இருக்கும் சர்க்கரையைப் புளிக்க வைக்கின்றன. பதநீர் கள்ளாகிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான். அப்படிப் புளிக்கும்போது உண்டாவதும் எத்தில் ஆல்கஹால்தான், குவார்ட்டர் பாட்டிலில் இருப்பதும் எத்தில் ஆல்கஹால்தான். ஆய்வகத்தில் இருக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்று. மே மாத வெயில், சாத்திய கதவு, இரண்டு நாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் 46 மில்லிகிராம் தானாகவே உண்டாகியிருக்கலாம். அழுகல் அதிகமான உடல்களில் 100ஐத் தாண்டியதும் உண்டு.

அப்படியானால் குடித்ததா, புளித்ததா என்று எப்படிப் பிரிப்பது? வழி இருக்கிறது. கண்ணுக்குள் கூழ் மாதிரி ஒரு திரவம் உண்டு, விட்ரியஸ் என்பார்கள். கண் என்பது நாலு பக்கமும் மூடிய ஒரு உருண்டை, குடலிலிருந்து தூரத்தில் இருக்கிறது, அதனால் பாக்டீரியா அங்கே சீக்கிரம் போய்ச் சேராது. ரத்தத்தில் ஆல்கஹால் இருந்து கண் திரவத்திலும் சிறுநீரிலும் இல்லை என்றால் அது பெரும்பாலும் இறந்த பிறகு உண்டானது. அப்புறம், அழுகும்போது எத்தில் ஆல்கஹாலோடு சேர்ந்து புரோப்பனால், பியூட்டனால் போன்ற வேறு சில ஆல்கஹால்களும் கொஞ்சம் உண்டாகும். கலவையில் இருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராபி சோதனை செய்யும்போது அவையும் தெரிந்தால் அதை ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளலாம். எத்தில் குளுக்குரோனைடு என்று இன்னொன்று உண்டு. குடித்த மதுவை உயிரோடு இருக்கும் கல்லீரல் மாற்றும்போது உண்டாவது அது, அழுகுவதால் வருவதில்லை. அதைப் பார்க்கும் வசதி எல்லா ஆய்வகங்களிலும் இல்லை.

ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது, எப்படி வைக்கப்பட்டது என்பதும் முக்கியம். ரத்தக் குப்பியில் சோடியம் ஃப்ளோரைடு போட வேண்டும், பாக்டீரியா மேற்கொண்டு புளிக்க வைப்பதை அது தடுக்கும். அதைப் போடாமல், ஐஸ் இல்லாமல், பஸ்ஸிலும் ஜீப்பிலும் போய், ஆய்வகத்தில் வாரக்கணக்கில் காத்திருக்கும் குப்பிக்குள் ஆல்கஹால் தானாக வளரலாம். குப்பியில் சேர்ப்பது உப்பா ஃப்ளோரைடா என்று பார்க்காமல் அனுப்பிய மாதிரிகளை நானே பார்த்திருக்கிறேன். உள்ளுறுப்புகளைப் போடுவது உப்புக் கரைசலில், ரத்தத்துக்குத் தேவை ஃப்ளோரைடு. அவசரத்தில் செய்யும் இந்தச் சின்னத் தவறின் பாரம் கடைசியில் உங்களைப் போல ஒரு குடும்பத்தின் தலையில் வந்து விழுகிறது. எனக்கு இன்றும் கோபம் வருகிற இடம் இது.

நீங்கள் செய்ய வேண்டியது: ரசாயன ஆய்வு ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், போஸ்ட்மார்ட்டம் சான்றிதழின் நகலையும், போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரின் இறுதிக் கருத்தையும் கேட்டு வாங்குங்கள். மரணத்தின் காரணத்தை எழுத வேண்டியவர் அந்த டாக்டர். ஆய்வகம் சொல்வது இன்னது இவ்வளவு இருந்தது என்பது மட்டுமே. உடல் எந்த அளவுக்கு அழுகியிருந்தது என்று சான்றிதழில் எழுதியிருப்பார்கள், அந்த வரியைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசாரணை அதிகாரி வழியாக டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: ரத்தம் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, ஃப்ளோரைடு சேர்க்கப்பட்டதா, சிறுநீரோ கண் திரவமோ எடுக்கப்பட்டதா, இந்த ஆல்கஹால் இறந்த பிறகு உண்டாகியிருக்க வாய்ப்பு உண்டா. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் வரும் பதில் உங்களுக்கு எல்லா இடத்திலும் உதவும். தாமதிக்காதீர்கள், ஆய்வகத்தில் மாதிரிகளை என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். மது பற்றிய விதிவிலக்கு வழக்கமாக விபத்துக் காப்பீட்டில்தான் இருக்கும். உங்கள் தம்பி விபத்தில் இறக்கவில்லையே. நிறுவனம் எழுத்தில் மறுத்துவிட்டால் ஒரு வருடத்துக்குள் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

உங்களிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். அவர் அன்று குடித்திருக்கவே மாட்டார் என்று என்னாலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் குடித்திருந்தாலும் சாவுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும். 34 வயதில் திடீரென்று இறந்த ஓட்டுநர் என்றால் எனக்கு முதலில் இதயம்தான் நினைவுக்கு வரும். இதயத்தைத் திசு ஆய்வுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அதோடு நீங்களும் மற்ற உடன்பிறப்புகளும் இந்த மாதமே ஒரு ஈ.சி.ஜி., எக்கோ, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்துவிடுங்கள். சில இதய நோய்கள் குடும்பத்தில் ஓடும். தம்பியின் தாளைப் பார்த்துக்கொண்டே உங்களை மறந்துவிடாதீர்கள்.

*

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போஸ்ட்மார்ட்டம் பார்க்கப் போனபோது இதயத்தில் நிறைய ரத்தம் இருந்தும் டாக்டர் தொடையிலிருந்து சிரிஞ்சில் எடுத்தார். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது.
— மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அடுத்த முறை பயப்படாமல் கேளம்மா, நல்ல டாக்டராக இருந்தால் சந்தோஷப்படுவார். நாம் சாப்பிடும் பல மருந்துகள் ரத்தத்தில் மிதப்பதைவிட கல்லீரல், நுரையீரல், இதயத் தசை ஆகியவற்றில் அதிகமாகத் தேங்கி நிற்கும். உயிரோடு இருக்கும்வரை செல்லின் சவ்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். இறந்த பிறகு சவ்வு தளர்ந்து, தேங்கியது எல்லாம் பக்கத்தில் இருக்கும் ரத்தத்துக்குக் கசியும். இதயம் இந்த உறுப்புகளுக்கு நட்டநடுவில் இருக்கிறது. ஆகவே இதய ரத்தத்தில் அளவு கூடிக்கொண்டே போகும். தொடை நாளம் தூரத்தில் இருப்பதால் மாற்றம் குறைவு. நாளத்தை மேல் பக்கம் கட்டிவிட்டு, வயிற்றுப் பக்கத்து ரத்தம் கலக்காமல் கீழிருந்து எடுப்பது இன்னும் நல்லது.

டிஜாக்ஸின் என்று இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்குப் பேர்போனது. ஒழுங்காக டாக்டர் சொன்ன அளவே சாப்பிட்டு வந்த பாட்டி இயற்கையாக இறந்திருப்பார். இதய ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் யாரோ அளவுக்கு மீறிக் கொடுத்தது போல ஒரு எண் வரும். அமிட்ரிப்டிலின் மாதிரி மனச்சோர்வு மருந்துகளிலும் இப்படித்தான். ஒரு மருமகள் மேல் கொலைப் பழி விழவும், உண்மையான குற்றவாளி தப்பிக்கவும் சிரிஞ்சு எந்த இடத்தில் குத்தப்பட்டது என்பது காரணமாகிவிடும். ரத்தக் குப்பியின் லேபிளில் "ரத்தம்" என்று மட்டும் எழுதாமல் "தொடை ரத்தம், வலது" என்று எழுதப் பழகிக்கொள், நாளைக்கு உன் கையால் ஒட்டும் லேபிளாக அது இருக்கலாம்.

*

கேள்வி: குளிருக்காக ரூமுக்குள் அடுப்புக்கரி மூட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் அவ்வப்போது செய்தி வருகிறது. காயம் இல்லை, வாந்தி இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
— வாசகர், திருப்பூர்

பதில்: ரத்தம் தெளிவாகப் பேசுகிற மரணங்களில் இது ஒன்று. கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், மணமோ நிறமோ கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மூளைக்கு ஆக்ஸிஜன் போகாது, தூக்கத்திலேயே நினைவு போய்விடும். பிடித்ததை ஹீமோகுளோபின் இறந்த பிறகும் விடுவதில்லை, அதனால் தாமதமாகப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடிகிறது. புகை பிடிக்காதவர் ரத்தத்தில் இப்படி வாயுவைப் பிடித்த ஹீமோகுளோபின் மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதம் இருக்கும், நிறையப் புகைப்பவருக்கு 10 வரை போகலாம், 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். உடலில் ரத்தம் தங்கும் இடங்கள் செர்ரிப் பழ நிறத்தில் சிவந்திருக்கும் என்று பாடப் புத்தகம் சொல்லும். நம் தோல் நிறத்தில் அது எளிதில் தெரியாது. நகக்கண், உதட்டின் உள்பக்கம், நாக்கு, பிறகு ரத்தத்தையே பார்க்க வேண்டும்.

இதே சோதனை தீயில் கருகிய உடல்களில் இன்னும் பெரிய வேலை செய்கிறது. தீப்பிடித்தபோது ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாரா என்ற கேள்விக்கு மூச்சுக்குழாயில் படிந்த கரியும் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து பதில் சொல்கின்றன. இரண்டும் இருந்தால் உயிரோடு இருந்தார். இரண்டும் இல்லை, மூடிய வீடு, நிறையப் புகை என்றால் முன்பே இறந்தவரைத் தீயில் போட்டார்களா என்று விசாரிக்க வேண்டும். ஆனால் திறந்த வெளியில் சட்டென்று பற்றிய தீயில் உயிரோடு இருந்தவரின் ரத்தத்திலும் அளவு குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறக்கும் பெண்களுக்கு ஆர்.டி.ஓ. விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்று இப்படிச் சில உடல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "அடுப்பில் சேலை பிடித்துக்கொண்டது" என்ற ஒரே வாக்கியத்தை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் மலைக்குப் போனால் ரூமுக்குள் கரி வேண்டாம். இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள். மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓட்டுவதும், ஷெட்டுக்குள் காரை ஸ்டார்ட் செய்து ஏ.சி. போட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

*

கேள்வி: அப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. இரவு இன்சுலின் போட்டுப் படுத்தவர் காலையில் இல்லை. சர்க்கரை இறங்கியதா ஏறியதா என்று ரத்தத்தைச் சோதித்தால் தெரியாதா? டாக்டர் அது முடியாது என்றுவிட்டார். தட்டிக்கழிக்கிறாரோ என்று தோன்றுகிறது.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தட்டிக்கழிக்கவில்லை, அவர் சொன்னது சரிதான். இதயம் நின்ற பிறகும் ரத்தச் செல்கள் கொஞ்ச நேரம் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அதனால் சில மணி நேரத்தில் எல்லோருடைய ரத்தத்திலும் அளவு இறங்கிவிடும். இன்னொரு பக்கம் கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடும், அது இதயத்தின் வலது பக்கம் போய்ச் சேர்ந்து அங்கே அளவை ஏற்றும். ஒரே உடலில் ஒரு இடத்தில் குறைவு, ஒரு இடத்தில் அதிகம்.

1957இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நடந்த ஒரு வழக்கை மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். கென்னத் பார்லோ என்ற ஆண் செவிலியர், மனைவி குளியல் தொட்டியில் மூழ்கி இறந்துவிட்டார், காப்பாற்ற எவ்வளவோ முயன்றேன் என்றார். அந்தப் பெண்ணின் கண் பாப்பா இரண்டும் விரிந்திருந்தன, காப்பாற்ற முயன்றவரின் உடையோ நனையவில்லை. டாக்டர்கள் லென்ஸ் வைத்து உடல் முழுக்கத் தேடி, பிட்டத்தில் ஊசி குத்திய தடங்களைக் கண்டுபிடித்தார்கள். இன்சுலின் என்று சந்தேகம். ஆனால் இதய ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இல்லை, வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். சாகும் தறுவாயில் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும் என்பதை அறிந்திருந்ததால் அவர்கள் விடவில்லை. ஊசி குத்திய இடத்துத் திசுவை வெட்டி எடுத்து, அதிலிருந்து பிரித்தெடுத்ததை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்து, அதில் இன்சுலின் இருப்பதை நிரூபித்தார்கள். பார்லோவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இன்சுலினைக் கொண்டு செய்த கொலை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டதாகப் பதிவான முதல் வழக்கு அது.

உங்கள் அப்பா விஷயத்தில், சர்க்கரை மிக ஏறி இறந்திருந்தால் அதைக் கண் திரவத்தில் பார்க்க முடியும். அங்கே 100 மில்லிக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் இறக்கும்போது உயர்ந்திருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம், சர்க்கரைக்குப் பதில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோன் ரத்தத்திலும் தெரியும். இறங்கி இறந்திருந்தால் நிரூபிப்பது மிகக் கடினம், கண் திரவத்திலும் சாவுக்குப் பின் சர்க்கரை குறையும் என்பதால் குறைவான எண்ணுக்குப் பொருளே இல்லை. பொட்டாசியமும் அப்படித்தான், செல்கள் உடைந்து வெளியே வருவதால் இறந்த எல்லோருடைய ரத்தத்திலும் ஏறியே இருக்கும். அப்பாவின் குளுக்கோமீட்டர் இருந்தால் அதன் மெமரியில் கடைசி நாள்களின் அளவுகளைப் பாருங்கள். ரத்தம் சொல்லாததை அது சொல்லக்கூடும். அன்று இரவு சாப்பிட்டாரா, எத்தனை யூனிட் போட்டார் என்பதும் அதே அளவு முக்கியம். உங்கள் கையால் ஊசி போட்டிருந்தீர்கள் என்றால், ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், 20 வருடச் சர்க்கரை நோயாளி தூக்கத்தில் இறக்க இதயமே போதுமான காரணம். உங்களையே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள்.

*

கேள்வி: 2024இல் எங்கள் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களில் சிலர் பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தார்கள். அவ்வளவு நாள் கழித்து ரத்தத்தில் மெத்தனால் இருக்குமா? இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் சாராயத்தால் சாகவில்லை என்று ஆகிவிடாதா?
— வாசகர், சங்கராபுரம்

பதில்: ஆகாது, ஆகவும் விடக் கூடாது. அந்த ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கி 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் ஆஸ்பத்திரிகள், புதுச்சேரி ஜிப்மர் என்று பல இடங்களில் சிகிச்சை நடந்தது. மெத்தனால் நேரடியாகக் கொல்வது குறைவு. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது, அந்த அமிலம்தான் ரத்தத்தின் அமிலத்தன்மையை ஏற்றி, கண் நரம்பை அழித்து, மூளையைத் தாக்குகிறது. குடித்த அன்று ரத்தத்தில் நிறைய மெத்தனால் இருக்கும். நாள் ஆக ஆக அது குறையும், டயாலிசிஸ் செய்தால் இன்னும் வேகமாக வெளியேறும். நாலாம் நாள் இறந்தவர் ரத்தத்தில் ஒரு துளியும் இல்லாமல் போகலாம். அவரைச் சாய்த்தது முதல் நாள் குடித்ததுதான்.

இன்னொரு குழப்பமும் வரும். மெத்தனாலை கல்லீரல் மாற்றாமல் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து கொடுப்பார்கள், அது கிடைக்காத இடத்தில் எத்தில் ஆல்கஹாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பது உண்டு. அப்படிச் சிகிச்சை பெற்றவர் இறந்தால் அவர் ரத்தத்தில் எத்தில் ஆல்கஹால் மட்டும் தெரியலாம். சிகிச்சைத் தாளைப் படிக்காமல் ரிப்போர்ட்டை மட்டும் படிக்கிறவர் "இவர் சாதாரணச் சரக்கு குடித்தவர்" என்று எழுதிவிடலாம்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் எடுக்கும் முதல் ரத்தம் தங்கத்துக்குச் சமம் என்று ஜூனியர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. சாராயம் மட்டுமில்லை, பூச்சிமருந்து தெளிக்கும்போது மயங்கி விழுந்தவர், எதையோ சாப்பிட்டு வந்தவர், யாராக இருந்தாலும் விஷமாக இருக்கலாம் என்று தோன்றினால் முதல் ரத்தத்தில் கொஞ்சத்தைச் சீல் வைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்க வேண்டும். பத்து நாள் கழித்து இறந்த பிறகு போஸ்ட்மார்ட்டத்தில் எடுப்பது பத்து நாள் சலைன் ஏற்றிக் கழுவிய ரத்தம். வீட்டுக்காரர்களும் கேட்கலாம், "வந்தப்போ எடுத்த ரத்தம் இருக்கா சார்" என்று. கேஸ் ஷீட்டில் முதல் நாள் எழுதிய அமிலத்தன்மை அளவும், கண் தெரியவில்லை என்று நோயாளி சொன்ன வரியும்கூடச் சாட்சிகள்தான்.

*

கேள்வி: வாய்க்கால் வெட்டும்போது கதண்டு கொட்டி அண்ணன் அரை மணி நேரத்தில் போய்விட்டார். ஊரே பார்த்தது. ரிப்போர்ட்டில் "விஷம் எதுவும் இல்லை" என்று இருக்கிறது. நிவாரணத்துக்கு அலைகிறோம். கொட்டியதும் விஷம்தானே?
— வாசகர், மன்னார்குடி

பதில்: விஷம்தான் தம்பி, ஆனால் அந்த ஆய்வு தேடுகிற வகை விஷம் கிடையாது. உள்ளுறுப்புகளில் வழக்கமாகத் தேடுவது பூச்சிமருந்து, மது, உலோகம், தூக்க மாத்திரை, சில செடி விஷங்கள் மாதிரியான ரசாயனங்களை. கதண்டு, தேனீ, பாம்பு இவற்றின் விஷம் புரதம், நம் உடம்பே புரதம்தான். அந்த முறையில் தேடினால் தெரியவே தெரியாது. கட்டுவிரியன் கடித்துத் தூக்கத்தில் இறந்தவர்களுக்கும் இதே வரிதான் வரும், பல்தடமும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்தக் குடும்பங்கள் பாடு இன்னும் மோசம்.

அரை மணி நேரத்தில் இறந்தார் என்றால் அது ஒவ்வாமை அதிர்ச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு ரத்தத்தில் ஒரு சோதனை உண்டு. ஒவ்வாமையின்போது உடம்பில் மாஸ்ட் செல்கள் என்பவை வெடித்து டிரிப்டேஸ் என்ற நொதியைக் கொட்டும், அது இறந்த பிறகும் சில நாள் நிற்கும், தொடை ரத்தத்தில் பார்க்கலாம். பென்சிலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தவர்களுக்கும் இது உதவும். எல்லா இடத்திலும் செய்வதில்லை, கேட்டால்தான் அனுப்புவார்கள். உங்கள் அண்ணன் விஷயத்தில் காலம் கடந்திருக்கும். அதனால் வழி மூடிவிடவில்லை. உடலில் இருந்த கொட்டிய தடங்கள், குரல்வளை வீக்கம் இவை போஸ்ட்மார்ட்டம் சான்றிதழில் இருக்கிறதா பாருங்கள். கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலமும் அதுவும் போதும். இவற்றைக் காட்டி இறுதிக் கருத்தைத் தெளிவாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். "விஷம் எதுவும் இல்லை" என்ற வரி கதண்டு கொட்டவில்லை என்று சொல்லவில்லை, அதை அலுவலகத்தில் இருப்பவருக்கும் இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

*

கேள்வி: ரிப்போர்ட் வர இத்தனை மாதம் ஏன்? அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடைக்காதா?
— வாசகி, செய்யாறு

பதில்: இறப்புச் சான்றிதழுக்கு ரிப்போர்ட் தேவையில்லை, இறந்ததைப் பதிவு செய்வது வேறு, காரணத்தை முடிவு செய்வது வேறு. வாங்கிவிடுங்கள். தாமதத்துக்குக் காரணம், மாநிலம் முழுக்க வரும் மாதிரிகளுக்கு மயிலாப்பூர் தலைமை ஆய்வகமும் சில வட்டார ஆய்வகங்களும்தான். இந்தியாவில் இந்த வேலைக்கு முதலில் ஆய்வகம் வைத்தது மதராஸ் மாகாணம், 1849இல். அத்தனை பழைய வேர் உள்ள துறைக்கு இன்னும் ஆளும் கருவியும் கூட்டித் தர வேண்டும் என்று நான் வேலையில் இருந்தபோதும் எழுதினேன், இப்போதும் எழுதுகிறேன். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மாதிரி ஸ்டேஷனிலிருந்து ஆய்வகத்துக்குப் போய்விட்டதா, எந்தத் தேதியில், என்ன எண்ணில் என்று முதல் வாரமே விசாரணை அதிகாரியிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். பல நேரம் தாமதம் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.